பெயருக்கு விட்ட இடம்

குருநகரில் இன்னாசித்தம்பி யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது. மீன் விற்கிறவள் அவருக்குப் ‘பிள்ளை’, தேத்தண்ணிக் கடைக்காரன் ‘தம்பி’, தன்னிலும் மூத்தவர்கள் எல்லாம் ‘அண்ணை’, ‘அக்கா’. ஒருமுறை கோயில் வாசலில் ஒருத்தி குடையை மறந்துவிட்டுப் போக, நல்லது செய்வதாக நினைத்து அவளை முழுப்பெயரில் கூப்பிட்டுவிட்டார். அவள் அப்படியே படியில் குந்திவிட்டாள். பிறகு ஒரு கிழமை காய்ச்சல். குடையை வாங்கக்கூட வரவில்லை.

குற்றம் அவருடைய குரலில்தான். ஊரில் யார் கண்ணை மூடினாலும், ஒலிபெருக்கி கட்டிய பழைய காரில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ச் செத்தவரின் பெயரைச் சொல்லுகிற குரல் அது. ‘குருநகரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட’ என்று அது தொடங்கினால், கரையில் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்துகிறவர்களின் கை நின்றுவிடும். தங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள் என்று தெரிந்தும், அடுத்த சொல் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கனத்த குரல். அவசரப்படாத குரல். செத்தவரின் வீட்டார் அழுகையை நிறுத்திவிட்டு, “என்ன வடிவாச் சொல்லுறார்” என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இருந்தாலும் அந்த வாயில் தங்கள் பெயர் இப்போதைக்கு வேண்டாம் என்பதில் குருநகர் முழுவதும் ஒரே கட்சி.

அதற்குள் அடங்காத ஒரே ஆள் அவருடைய தம்பி கனிசியஸ். எட்டு வயது இளையவன், வள்ளம் வைத்துக் கடற்றொழில் செய்கிறவன். தண்ணீருக்கும் பயமில்லை, அண்ணனுடைய வாய்க்கும் பயமில்லை. படலையைத் திறக்கும்போதே, “என்ரை பேரை ஒருக்காச் சொல்லண்ணை, கேட்டுக் கனநாள்” என்பான். இன்னாசித்தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் தூக்கி வளர்த்த பிள்ளை என்றால் அது இந்தத் தம்பிதான். அவர் வாய் நிறையச் சொல்லக் கிடைத்த பெயரும் அந்த ஒன்றுதான்.

எண்பத்தாறாம் ஆண்டில் மனைவி இராசாத்தியின் சகோதரன் கட்டாரிலிருந்து, பதியவும் போடவும் கூடிய ஒரு கசெற் ரேப் கொண்டுவந்து கொடுத்தான். அன்றோடு இன்னாசித்தம்பியின் தொழில் மாறியது. அதுவரை காரை ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு சந்தியிலும் தொண்டை கிழியச் சொல்லவேண்டும். இனி வீட்டிலிருந்தே ஒருதரம் பதிந்து, காரில் திரும்பத் திரும்பப் போடலாம். அதிலும் அவர் ஒரு புத்தி செய்தார். சாவுக்குச் சாவு மாறுவது பெயர் மட்டுந்தானே? பிறப்பிடம், வதிவிடம், ‘அவர்கள் காலமானார்’, ‘அன்னாரின் பூதவுடல் நாளை பின்னேரம் இரங்கல் திருப்பலியின் பின் சேமக்காலையில் நல்லடக்கம் செய்யப்படும்’ எல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆகவே முன்னும் பின்னும் நிரந்தரமாகப் பதிந்துவிட்டு, நடுவில் பெயருக்கென்று பதினொரு விநாடி இடம் விட்டால், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை மட்டும் அழித்துப் புதிதாகச் சொன்னால் போதும். ரேப் ஓடும்போது ‘கொண்ட’ என்ற சொல் முடிய பதியும் கட்டையை அழுத்தவேண்டும். பெயரைச் சொல்லி, ‘அவர்கள்’ தொடங்கும் முன் விரலை எடுக்கவேண்டும். ஓர் இமை பிந்தினாலும் அடுத்த சொல்லின் தலை போய்விடும். தொடக்கத்தில் இரண்டொரு தலை போனதுண்டு. பிறகு விரல் பழகிவிட்டது.

முதல் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, எல்லாம் பதிந்தாயிற்று. அளவு சரியா என்று பார்க்க நடுவில் ஒரு பெயர் வேண்டும். செத்தவர் பெயரைச் சும்மா எடுத்தால் அவர் கோபிப்பார். உயிரோடு இருக்கிறவர் யார் கொடுப்பார்? மூலையில் குந்தியிருந்து புட்டுத் தின்றுகொண்டிருந்த கனிசியஸ் கையைத் தூக்கினான்.

“செத்ததெண்டு பொய்யாச் சொன்னால் ஆயுசு கூடுமாம். என்ரை பேரைப் போடண்ணை.”

அப்படி ஒரு நம்பிக்கை ஊரில் இருந்தது, இன்றும் இருக்கிறது. உயிரோடு இருப்பவனைச் செத்தான் என்று யாராவது தவறாகச் சொல்லிவிட்டால், அவன் நூறு வயது இருப்பான் என்பார்கள். இன்னாசித்தம்பி தன் கலை எல்லாவற்றையும் கூட்டி, ‘திருவாளர் கனிசியஸ்’ என்று சொன்னார். சொல்லி முடித்ததும் கனிசியஸ் சிரித்தான். அடக்க முயன்று மூக்கு வழியாக வெடித்து, பிறகு வாய்விட்டு வந்த சிரிப்பு. குசினியிலிருந்து இராசாத்தி, வாயைக் கழுவச் சொல்லி ஏசினாள். ஏச்சோடு சேர்ந்து ஒரு தகரப் பேணி விழுந்து உருண்டது. அவ்வளவும் அந்தப் பதினொரு விநாடிக்குள் பதிந்துவிட்டது. திரும்பப் போட்டுக் கேட்டபோது இராசாத்தியே சிரித்தாள். மூன்றாம் நாள் ஊரில் உண்மையாகவே ஒருவர் செத்தார். அவருடைய பெயர் கனிசியஸின் பெயருக்கு மேல் ஏறியது. விளையாட்டு அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பிறகு என்னென்னவோ நடந்தது. தொண்ணூறில் சண்டையோடு மின்சாரம் நின்றது. பற்றரிக்குத் தடை, பெற்றோலுக்குத் தடை. இன்னாசித்தம்பியின் கார் மண்ணெண்ணெயில் ஓடியது, ஓடியது என்பதைவிட இருமியது என்பது சரி. அந்தப் புகை அவருடைய தொண்டையைத் தின்றது. இரண்டு வருடத்தில் குரல் கரகரத்து, நடுவில் உடைந்து போயிற்று. இப்போது அந்தக் கசெற்றில் முன்னும் பின்னும் எண்பத்தாறாம் ஆண்டு இன்னாசித்தம்பி கணீரென்று பேசுவார். நடுவில் பெயர் சொல்லும் இடத்தில் மட்டும் ஒரு கிழவர் வந்து போவார். ஊருக்கு அது பழகிவிட்டது. அவருக்குப் பழகவில்லை. தன் பழைய குரலைக் கேட்பதற்கென்றே சிலவேளை ஒரு சாவும் இல்லாத நாளில் அதைப் போட்டுக் கேட்பார். வெட்கமில்லாத ஆசைதான், ஆனால் மனிதனுக்கு வேறு என்ன மிஞ்சியிருந்தது?

வீட்டில் ரேப்பை ஓட்டச் சைக்கிள் டைனமோதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து இராசாத்தி கையால் பெடலைச் சுற்றுவாள். சுற்று ஒரே சீராக இருக்கவேண்டும். பதியும்போது வேகம் கூடினால், திரும்பப் போடும்போது குரல் தடித்துக் கேட்கும், குறைந்தால் கீச்சிடும். இராசாத்தியின் கை மாவரைத்துப் பழகிய கை, பிசகாது.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு மாசியில் நாலைந்து வள்ளம் வைத்து ஆள் விட்ட செபமாலை என்றொரு வயதான சம்மாட்டி காலமானார். காலை பத்து மணியளவில் வழமைபோல இராசாத்தி சுற்ற, இன்னாசித்தம்பி பெயரைப் பதிந்தார். திரும்பப் போட்டுக் கேட்டார். ‘கொண்ட’ என்று பழைய குரல் முடிந்தது. கரகரத்த குரல் ‘திருவாளர் செபமாலை’ என்றது. அதற்கு அடியில், சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ பேசுவதுபோல, இன்னொரு பெயர் கேட்டது. அற்புதராணி. போன மாதம் செத்தவள்.

இன்னாசித்தம்பி பயப்படவில்லை. டைனமோவின் பலம் போதாது, ரேப் பழையதைச் சரியாக அழிக்கவில்லை, அவ்வளவுதான் என்று மனைவிக்கு விளக்கினார். விளக்கிவிட்டுத் திரும்பவும் போட்டார், இந்தமுறை ரேப்பில் சத்தம் வரும் சல்லடையோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டு. அற்புதராணிக்கு அடியிலும் ஒரு பெயர் இருந்தது. அதற்கும் அடியில் ஒன்று. எல்லாம் அவருடைய குரலேதான், கீழே போகப் போகக் கரகரப்புக் குறைந்து, இளமையாகிக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் கீழே, நல்ல கனத்தோடு, அவசரமில்லாமல், எண்பத்தாறாம் ஆண்டுக் குரல் சொல்லிற்று: ‘திருவாளர் கனிசியஸ்’.

இராசாத்திக்கும் கேட்டது. அவளுடைய கை பெடலில் நின்றுவிட்டது. ரேப் தளர்ந்து, அந்தப் பெயரின் கடைசி எழுத்து ஆழமாக இழுபட்டு இழுபட்டு இறங்கி, மாடு கத்துவது போல ஒலித்து அடங்கியது. மின்சாரம் இருந்த காலத்தில், முழுப் பலத்தோடு அழித்த பெயர் அது. அதற்கு மேல் நூறு பேராவது ஏறிப் படுத்திருந்தார்கள்.

செபமாலையின் வீட்டார் காத்திருந்தார்கள். வேறு கசெற்றும் இல்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அன்று காரை ஓட்டினார். யாருக்கும் கேட்டிராது என்றுதான் நினைத்தார். ஆனால் அன்று பின்னேரமே கனிசியஸின் மனைவி மரியரட்ணம் தலைவிரி கோலமாக வந்து நின்றாள். கடைசிச் சந்தியில் மீன் விற்கிற ஒருத்தி, உன் மனுசனுக்கு என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறாள். இன்னாசித்தம்பி மறைக்கவில்லை. கசெற்றைப் போட்டுக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, அதை அழித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். செத்தவர்களின் அடியில் தன் மனுசனின் பெயர் கிடந்து கூப்பிடுகிறது என்றாள்.

கனிசியஸ் பிறகு வந்தான். அவனும் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான், அதே மூக்குச் சிரிப்பு.

“ஏழு வருசமா என்னை ஊர் முழுக்கச் சாக்காட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறாய் அண்ணை. அதுதான் நான் இன்னும் இருக்கிறன். பேசாமல் விடு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதை.”

அவன் சொன்னதிலும் ஒரு கணக்கு இருந்தது. தேத்தண்ணி குடிக்க எழுந்து போன நேரம் அவன் இருந்த கரையோர ஓலை வாடியில் ஷெல் விழுந்தது. நேவி சுட்ட நாளில் வள்ளத்தின் பலகையில் ஐந்து ஓட்டை, அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஊரே அதிசயப்பட்டது. மாதாவின் காவல் என்று இராசாத்தி நேர்த்தி வைத்தாள். கசெற்றின் காவல் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்?

அடுத்த சாவு பங்குனியில், அடைக்கலநாதன் என்ற வாலிபன். இந்தமுறை காதை ஒட்டிவைக்கத் தேவையிருக்கவில்லை. கனிசியஸின் பெயர் மற்றப் பெயர்களை விலக்கிக்கொண்டு மேலே வந்திருந்தது. ‘கொண்ட’ என்று முடிந்ததும், அடைக்கலநாதனுக்கு முன்பாகவே அது வந்தது. திரும்பப் பதிந்தார். மறுபடியும் முன்னால் அதுவே நின்றது. இராசாத்தியைப் பலமாகச் சுற்றச் சொல்லி மூன்றாம் தரம் பதிந்தார். இப்போது அடைக்கலநாதனைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. அன்று அவர் கசெற்றைப் போடவில்லை. கிழிந்த தொண்டையால் சந்தி சந்தியாக நின்று தானே சொன்னார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி கடலுக்குப் போகிற நாளெல்லாம் அவர் கரையில் நின்றார். மரியரட்ணம் ஒவ்வொரு நாளும் வந்து அழித்துவிடச் சொல்லிக் கேட்டாள். தம்பி சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் பயத்துக்கு முன்னால் நியாயம் எங்கே நிற்கும்? தன் வாயால் சொன்ன பெயர், தன் வாயாலேயே பலித்துவிடுமோ என்று அவர் நடுங்கினார். கடைசியில் தம்பிக்குத் தெரியாமல் அதை அழிப்பது என்று அவரும் மரியரட்ணமும் முடிவு செய்தார்கள். பழைய குரலும் சேர்ந்து போய்விடுமே என்று இராசாத்தி மெல்லக் கேட்டாள். குரல் போனால் போகட்டும், அவன் இருக்கட்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது, குரலுக்காகத்தான். அதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

ஒரு வியாழக்கிழமை சைக்கிளில் சுன்னாகத்துக்குப் போனார். அங்கே றேடியோ திருத்துகிற தேவராசாவிடம் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. ரேப்பின் கட்டையை நம்பாமல், தேவராசா ஒரு காந்தச் சுருளைக் கசெற்றின் இரண்டு பக்கத்திலும் மாவு அரிப்பதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்த்தான். பிறகு போட்டுக் காட்டினான். இன்னாசித்தம்பி முதலிலிருந்து கடைசிவரை குந்தியிருந்து கேட்டார். மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல், வேறொன்றும் இல்லை. நூறு பேரும் போய்விட்டார்கள். எண்பத்தாறாம் ஆண்டு இன்னாசித்தம்பியும் போய்விட்டார். கனிசியஸும் போனான். அங்கேயே, இருந்த குரலால், முன்னையும் பின்னையும் புதிதாகப் பதிந்தார். நடுவில் பதினொரு விநாடி வெறுமையாக விட்டார். வீட்டுக்கு வரும் வழியில் நெஞ்சு காற்றுப் போலப் பாரமில்லாமல் இருந்தது. நல்ல காரியம் செய்தவனுக்கு வரும் சந்தோஷம் அவருக்கு வந்தது. அதை நினைத்தால்தான் பின்னாளில் அவரால் தாங்கமுடியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியமுந்திக் கடலுக்குப் போன கனிசியஸ் திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வள்ளம் மட்டும் வந்தது. வற்றுப் பெருக்கில் தானாக அசைந்து வந்து, அவன் வழமையாகக் கட்டும் கட்டையிலேயே முட்டிக்கொண்டு நின்றது. புதிய ஓட்டை ஒன்றும் இல்லை, இரத்தம் இல்லை. வலை நனையாமல் மடித்தபடி இருந்தது. சாப்பாட்டுப் பெட்டியை மரியரட்ணம் கட்டிய முடிச்சுக்கூட அவிழவில்லை. அன்று வெடிச்சத்தம் கேட்டதாகவும் யாரும் சொல்லவில்லை.

தேடக்கூடிய இடமெல்லாம் தேடினார்கள். நேவி பிடித்துப்போய் மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு விட்ட ஆட்களும் உண்டு, பொறுத்துப் பாருங்கள் என்றார் சுவாமியார். தம்பி சொன்ன சங்கு இன்னாசித்தம்பியின் காதிலேயே ஊதிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் பொய்யாகச் சொல்லி அவனை வைத்திருந்தவர், ஒரே நாளில் அந்தப் பொய்யைத் துடைத்துவிட்டார். இதை அவர் யாரிடம் சொல்லி அழுவார்? பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் சுவாமியாருக்கே இது எந்தக் கட்டளைக்குள் வரும் என்று தெரிந்திராது.

இருபத்திரண்டாம் நாள் காலை மரியரட்ணம் வந்தாள். மஞ்சள் சேலை கட்டி, தலை வாரியிருந்தாள். கண்கள் மட்டும் நித்திரை கண்டு கனநாள் என்று காட்டின. நேரே போய்ச் சைக்கிளைத் தானே கவிழ்த்து வைத்தாள்.

“அத்தான், ஏழு வருசம் பொய்யாச் சொன்னனீங்கள், அவர் இருந்தவர். நாங்கள் ரெண்டு பேருந்தான் அதை நிப்பாட்டினனாங்கள். இப்ப திரும்பச் சொல்லுங்கோ. ஊர் முழுக்கச் சொல்லுங்கோ.”

இன்னாசித்தம்பி அவளையே பார்த்தார். ஊர் கூடும், மாலை கொண்டுவரும், அழும் என்றார். அழட்டும் என்றாள். பிறகு, புதிதாகப் பதிந்ததில் ‘அன்னாரின் பூதவுடல்’ என்று ஒரு வரி வருகிறதே, அதையாவது எடுத்துவிடவா என்று கேட்டார்.

“விடுங்கோ. பொய் எண்டால் முழுப் பொய்யா இருக்கட்டும்.”

அவளுக்கு அவர் சொல்லாத ஒன்று இருந்தது. அவன் எங்காவது உயிரோடு இருந்தால்தான் இது பொய். இல்லையென்றால் இது வெறும் உண்மை, ஒவ்வொரு சாவுக்கும் அவர் சொன்ன உண்மை போன்றதுதான், அதனால் யாருக்கும் ஒரு நாள் ஆயுசும் கூடியதில்லை. ஆனாலும் சொல்லாமல் விட அவரால் முடியுமா? ரேப்பின் முன் முழங்காலில் குந்தினார். மரியரட்ணம் சுற்றினாள். இராசாத்தி குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘கொண்ட’ முடிந்தது, விரல் அழுத்தியது. அந்தக் கிழிந்த தொண்டையில் மிச்சம் இருந்த எல்லாவற்றையும் திரட்டி, பொய்யாக இருக்கவேண்டும் என்று கெஞ்சிக்கொண்டு, தம்பியின் பெயரைச் சொன்னார். விரலை எடுத்தார். குசினியில் ஒரு சத்தமும் இல்லை, வெளியே ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

மரியரட்ணம் போட்டுக் காட்டச் சொன்னாள். போட்டார். ‘கொண்ட’. ‘திருவாளர் கனிசியஸ்’. பிறகு, அவர் மூச்சை மட்டும் விட்ட இடத்தில், அடக்க முயன்று மூக்கு வழியாக வெடித்து, வாய்விட்டு வந்தது அந்தச் சிரிப்பு.

மரியரட்ணத்தின் கை பெடலை விட்டுவிட்டது. ரேப் சோர்ந்து நின்றது. அவளுடைய முகம் மலர்ந்ததை இன்னாசித்தம்பி இருபத்திரண்டு நாளில் முதல்முறையாகப் பார்த்தார். “இருக்கிறார் அத்தான்,” என்றாள் மெதுவாக. “கேட்டுச் சிரிக்கிறார்.” வேறொன்றும் கேட்காமல், இப்போதே புறப்படுங்கள் என்று சொல்லிவிட்டு, வேகமாக வீட்டுக்கு நடந்தாள். வருகிறவனுக்குச் சமைக்கப் போகிறவளைப் போல நடந்தாள்.

காந்தம் வைத்துத் தேய்த்த கசெற் அது. அவரே முழுவதும் குந்தியிருந்து கேட்ட கசெற். இராசாத்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வந்து பெடல் அருகில் குந்தினாள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவள் சுற்றினாள், அவர் காதைச் சல்லடையோடு ஒட்டினார். பெயர் வந்தது, சிரிப்பு வந்தது. எண்பத்தாறில் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இராசாத்தியின் ஏச்சும் விழுந்து உருண்ட பேணியும் இருந்தன. இப்போது அவை இல்லை. சிரிப்பு ஓய்ந்த இடத்தில் தண்ணீர் கேட்டது. கரையில் அலை அடிக்கும் சத்தம் அல்ல அது. மேலிருந்து கேட்பதும் அல்ல. காதுக்குள் நிறைந்து, நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு, மெதுவாக அசையும் தண்ணீர். பிறகு அவருடைய கிழக்குரல் ‘அவர்கள் காலமானார்’ என்றது.

இராசாத்தி அழத் தொடங்கினாள். அவர் அழவில்லை. ஓர் அறிவித்தல் உண்மையா பொய்யா என்று முப்பது வருடத்தில் அவர் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்டார், பதிலும் கிடைத்துவிட்டது. ரேப்பையும் கசெற்றையும் எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனார். மரியரட்ணம் கேட்டதைச் செய்யவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அப்போது வேறு யோசனை இல்லை.

கார் இருமிக்கொண்டு புறப்பட்டது. கோயிலடி, சந்தைச் சந்தி, கடற்கரை வீதி. வலை பொத்துகிற கைகள் நின்றன. கனிசியஸின் பெயர் கேட்டதும் ஆண்கள் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு எழுந்து நின்றார்கள், பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடிவந்தார்கள். ஒவ்வொரு சந்தியிலும் பெயர் முடிந்தவுடன் இன்னாசித்தம்பி சத்தத்தை அடியோடு குறைத்தார், ‘அவர்கள்’ தொடங்கும்போது திரும்பக் கூட்டினார். அந்தப் பெயருக்குப் பின்னால் சிறிது நேரம் ஒலிபெருக்கி அமைதியாக இருந்தது, அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும்.

கடைசியாகத் தம்பியின் ஒழுங்கைக்குக் காரைத் திருப்பினார். மரியரட்ணம் படலையில் நின்றாள், மஞ்சள் சேலையோடு, தலையைச் சற்றுச் சரித்துக் கேட்டபடி. அயலவர்கள் அவளைச் சூழ்ந்து நின்று அழுதார்கள். பெயர் வந்தது. அவர் குறைக்கவில்லை. ஒலிபெருக்கியில் ஒழுங்கை நிறைய அந்தச் சிரிப்பு வந்தபோது அழுதவர்கள் திகைத்து வாயை மூடினார்கள். மரியரட்ணம் மட்டும் தானும் சேர்ந்து சிரித்தாள். இன்னாசித்தம்பியின் விரல் ரேப்பின் மேலே காத்திருந்தது. ஏழு வருடம் பழகிய விரல். சிரிப்பு முடிந்து தண்ணீர் தொடங்குமுன் அது சத்தத்தைக் குறைத்தது. ஓர் இமைகூடப் பிந்தவில்லை.